3.8 டன் பம்ப் செட்டை ஐ போல்ட்டில் கட்டித் தூக்கலாமா?

நீங்கள் கேட்டது இது: சர்க்கரை ஆலையில் ஸ்ப்ரே பாண்ட் (நீரைத் தெளித்துக் குளிர்விக்கும் குளம்) ஓரமுள்ள 250 கிலோவாட் இன்ஜெக்ஷன் பம்ப் செட்டை ஆஃப் சீசனில் 150 மீட்டர் தள்ளிப் புதிய பம்ப் ஹவுஸுக்கு மாற்ற வேண்டும். பழைய டிராயிங்கில் மொத்த எடை 3.8 டன். 14 டன் ஹைட்ரா (சுமையோடு ஓடும் சிறு கிரேன்) ஒன்று இருக்கிறது, ஆனால் அது வாசல் வரைதான் வரும். பம்புக்கு மேலும் மோட்டாருக்கு மேலும் வளையங்கள் இருக்கின்றன, அவற்றில் கட்டி ஒரே தூக்காகத் தூக்கிவிடலாமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று அந்த வளையங்கள் தாங்குமா என்பது. மற்றது, செட்டை அப்படியே தூக்குவதா, பிரித்து எடுப்பதா என்பது. முதல் கேள்விக்கு ‘கூடாது’ என்று உறுதியாகவே சொல்லலாம். இரண்டாவதற்கு என் பதில் ‘பிரித்துவிடுங்கள்’ என்பதுதான்.

மோட்டாரின் மேலுள்ள வளையம், அதாவது ஐ போல்ட், மோட்டாரை மட்டும் தூக்கப் போட்டது. பம்பும், இரண்டும் உட்காரும் இரும்பு ஃபிரேமும் சேர்ந்த எடை அதன் கணக்கிலேயே கிடையாது. பம்ப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். ஸ்பிளிட் கேஸிங் பம்பில் மேலே தெரியும் காது, பராமரிப்பின்போது மேல்பாதி மூடியைக் கழற்றித் தூக்குவதற்கானது. முழுப் பம்பின் எடைக்கே அது போதாது, செட்டின் எடையைப் பற்றிப் பேச்சே இல்லை. அது வார்ப்பிரும்பு வேறு. எஃகு வளைந்து நெளிந்து எச்சரிக்கை கொடுக்கும், வார்ப்பிரும்பு சொல்லாமல் கொள்ளாமல் உடையும். ஐ போல்ட்டிலும் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. எம்30 ஐ போல்ட் நேர் மேலே இழுத்தால் 3.2 டன் தாங்கும் என்பது ஜெர்மன் டின் 580 தரத்தின் கணக்கு. ஸ்லிங் (தூக்கக் கட்டும் பட்டை அல்லது கயிறு) சாய்ந்தால் அந்த அளவு இறங்கும். வளையத்தின் தட்டையான முகத்துக்குக் குறுக்கே இழுபட்டால் போல்ட் கழுத்தில் வளைந்து முறியும். தோள்பட்டை கேஸிங்கில் முழுக்க உட்காராமல் இரண்டு மரை வெளியே நின்றாலும் அதே கதிதான். ஆக மோட்டாரைத் தனியாகத் தூக்கும்போது மட்டும், முழுக்கத் திருகி, வளையங்கள் இழுவைத் திசையில் நிற்கும்படி பார்த்துக்கொண்டு பயன்படுத்துங்கள். இரண்டு வளையம் இருந்தால் மேலே ஒரு ஸ்பிரெடர் பீம் (ஸ்லிங்குகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கம்பி) வைத்து இரு ஸ்லிங்கையும் செங்குத்தாக இறக்குவது நல்லது.

அடுத்தது அந்த 3.8 டன். அதை நான் அப்படியே நம்ப மாட்டேன். டிராயிங்கில் போடுவது ஆலைக்கு வந்திறங்கிய எடை. அதற்குப் பிறகு ஃபிரேமுக்குள் கிரவுட் (சிமெண்ட் நிரப்பு) ஊற்றியிருப்பார்கள். ஃபிரேம் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், உள்ளே 150 மில்லிமீட்டர் நிரப்பு என்றால் 0.375 கனமீட்டர். கான்கிரீட்டுக்குக் கனமீட்டருக்கு 2400 கிலோ என்று வைத்தால் 900 கிலோ. 3.8 டன் 4.7 டன் ஆகிவிட்டது. இது போதாதென்று, அடிக் கிரவுட் பழைய அஸ்திவாரத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும். ஹைட்ரா இழுக்க இழுக்க ஒன்றும் அசையாது, பிறகு ஒரு நொடியில் பிடி விட்டு மொத்தமும் துள்ளும். ஸ்லிங் அறுவதும் பூம் உதறுவதும் அந்த நொடியில்தான். ஒட்டுப் பிடியை உடைக்கும் வேலை ஆப்புக்கும் ஜாக்குக்கும் உரியது. கொக்கியால் அதைச் செய்யவே கூடாது.

எடை மையமும் ஃபிரேமின் நடுவில் இருக்காது. உங்கள் செட்டுக்கு உத்தேசமாகப் போட்டுப் பார்ப்போம். 355 ஃபிரேம் மோட்டார் 2100 கிலோ, பம்ப் 1100 கிலோ, வெற்று ஃபிரேம் 600 கிலோ. பம்ப் முனையிலிருந்து அளந்தால் பம்பின் மையம் 0.6 மீட்டரில், ஃபிரேமின் மையம் 1.25 மீட்டரில், மோட்டாரின் மையம் 1.9 மீட்டரில். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 5400. அதை 3800ஆல் வகுத்தால் 1.42 மீட்டர். அதாவது நடுவிலிருந்து 17 சென்டிமீட்டர் மோட்டார் பக்கம். கொக்கியை ஃபிரேமின் நடுவுக்கு நேராக நிறுத்தித் தூக்கினால் பம்ப் முனை எழும்பும், மோட்டார் முனை தரையிலேயே இழுபடும், ஸ்லிங் வழுக்கும். உண்மையான எடைகளை மோட்டார் நேம்பிளேட்டிலும் பம்பின் மேனுவலிலும் பாருங்கள். கிடைக்காவிட்டால் கொக்கிக்கும் ஸ்லிங்குக்கும் நடுவே கிரேன் தராசு மாட்டி அளந்துகொள்ளலாம்.

பிரித்து எடுக்கச் சொல்வதற்குக் காரணம் எடை மட்டும் இல்லை. ‘செட்டாகவே போனால் அலைன்மெண்ட் கலையாது’, அதாவது பம்ப், மோட்டார் ஷாஃப்ட்டுகளின் நேர்க்கோடு மாறாது என்று ஃபோர்மேன்கள் சொல்வது வழக்கம். அது கலையாமல் இருக்கவே முடியாது. கிரவுட்டின் பிடியிலிருந்து விடுபட்ட ஃபிரேம் தூக்கும்போது முறுக்கிக்கொள்ளும், புதிய அஸ்திவாரத்தில் வேறு விதமாக உட்காரும், புதிய பைப் வேறு விதமாக இழுக்கும். எப்படியும் அலைன்மெண்ட்டை முதலிலிருந்து பார்க்கத்தான் போகிறீர்கள். அப்புறம் எதற்கு 4.7 டன்னை ஒரே கொக்கியில் தொங்கவிட வேண்டும்? 2.1 டன் மோட்டார் ஒரு தூக்கு, 1.1 டன் பம்ப் ஒரு தூக்கு. ஃபிரேம் பழைய கிரவுட்டில் சிக்கியிருந்தால் அதை உடைத்தெடுக்க மெனக்கெடாமல், அதே துளை அளவில் புதிது செய்துவிடுவதே பல நேரம் மலிவு. உடைக்கும்போது ஃபிரேம் கோணுவதும், மோட்டார் உட்காரும் பேட் பள்ளமாவதும் சகஜம். துரு ஏறிய பழைய ஃபிரேம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

எதையும் கழற்றும் முன் அரை நாளை அளவெடுக்க ஒதுக்குங்கள். இப்போதுள்ள அலைன்மெண்ட்டை டயல் கேஜ் வைத்து எழுதி வையுங்கள். இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இரு பாதிக்கும் எண் பொறித்து, நடு இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலுக்கு அடியிலிருந்த ஷிம்மையும் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) தனித்தனிப் பையில் போட்டுக் கால் எண் எழுதுங்கள். புது இடத்தில் அதே ஷிம் அப்படியே பொருந்தாது. ஆனால் ஒரு காலடியில் மட்டும் தடித்த ஷிம் இருந்திருந்தால், அந்த ஃபிரேமோ மோட்டார் காலோ கோணல் என்று இப்போதே தெரிந்துவிடும்.

மின்சாரத்தைப் பிரிப்பதில் பிரேக்கரை இறக்கிவிட்டேன் என்பது போதாது. பிரேக்கரை வெளியே இழுத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பவர் ஃபேக்டருக்காக மோட்டார் டெர்மினலிலேயே கெபாசிட்டர் மாட்டியிருக்கும் ஆலைகள் நிறைய. சப்ளை போன பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஐந்து நிமிடமாவது பொறுத்து, டெஸ்டரை முதலில் உயிருள்ள லைனில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு டெர்மினலில் வைத்துப் பார்த்த பின்பே கேபிளைத் தொடுங்கள். எந்த ஃபேஸ் எந்த டெர்மினலில் இருந்தது என்பதற்கு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

தண்ணீர்ப் பக்கம் பலர் அசட்டை காட்டும் இடம் டெலிவரி லைன். நான்-ரிடர்ன் வால்வு (நீர் பின்னோக்கி வராமல் தடுப்பது) பிடிக்கிறது என்ற நம்பிக்கையில் ஃபிளாஞ்சை (பைப் இணையும் விளிம்பை) கழற்றுவார்கள். இந்த அளவு லைனில் 20 மீட்டர் நீர் நின்றாலே 2 பார் அழுத்தம், 400 மில்லிமீட்டர் ஃபிளாஞ்சின் மீது அது 2.5 டன் தள்ளு. இருபுற வால்வையும் மூடிப் பூட்டி, கேஸிங்கின் மேலுள்ள வென்ட்டைத் திறந்து காற்று உள்ளே போகவிட்டு, அடி டிரெய்னைத் திறங்கள். நீர் நின்ற பிறகும் சொட்டு விடாமல் வந்தால் வால்வு கசிகிறது என்று பொருள், அந்த நிலையில் ஃபிளாஞ்சில் கை வைக்கக் கூடாது. டிரெய்னில் வண்டல் அடைத்துக்கொண்டு ‘காலியாகிவிட்டது’ போல ஏமாற்றும், கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். ஃபிளாஞ்ச் போல்ட்டைத் தளர்த்தும்போது உங்களுக்கு எதிர்ப்புறம் உள்ளவற்றை முதலில் தளர்த்துங்கள், மிச்ச அழுத்தம் இருந்தால் அந்தப் பக்கம் பீய்ச்சட்டும். பைப்புக்கு முன்கூட்டியே முட்டு கொடுத்துவிடுங்கள். கடைசிப் போல்ட் வெளியேறியதும் பைப் துள்ளி விலகினால், அது இத்தனை வருடமும் பம்பைக் கோணலாக இழுத்துக்கொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி. எவ்வளவு விலகியது என்று எழுதி வையுங்கள். பேரிங்கும் சீலும் அடிக்கடி போனதற்கான காரணம் அங்கேயே கிடைக்கலாம்.

ஷாஃப்ட் வழியே நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கார்ட்ரிட்ஜ் வகை என்றால், நகர்த்தும் முன் அதன் செட்டிங் கிளிப்பைத் திரும்ப மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் முன்பின் ஆடி சீல் முகம் விரிசல் விடும். மோட்டாரில் ரோலர் பேரிங் இருந்தால் ஷாஃப்ட்டை அசையாமல் பூட்டுங்கள். சுழலாமல் நிற்கும் பேரிங், டிரெய்லர் அதிர்வில் வரிவரியாகத் தழும்பு வாங்கிக்கொள்ளும். ஓட்டியதும் வரும் அந்த உறுமல் புது இடத்தின் குறை என்று தோன்றும், உண்மையில் வழியில் வந்தது.

கட்டும் ஸ்லிங்குக்கு வருவோம். கேஸிங்கைக் கீறாது என்பதால் பாலியெஸ்டர் பெல்ட் ஸ்லிங் பொருத்தம். நிறமே கொள்ளளவைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. சுருக்குப் போட்டுக் கட்டினால் அதில் 80 சதவீதம்தான் கணக்கு. லேபிள் இல்லாத பெல்ட்டை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், ஓரமாகப் போட்டுவிடுங்கள். கூரான விளிம்பில் பெல்ட் பட்டால் கத்தியில் வைத்ததற்குச் சமம். பழைய ஹோஸ் பைப்பை நெடுக்கில் பிளந்து இடையில் கொடுங்கள். பம்பைக் கட்டுவது கேஸிங்கின் இருபுறமும் பேரிங் தாங்கிகளுக்கு அடியில், மேனுவலில் படம் இருந்தால் அதன்படி. ஷாஃப்ட்டில் சுற்றித் தூக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கோணம் முக்கியம். இரண்டு கால் ஸ்லிங் தரையோடு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலிலும் எடையின் 58 சதவீதம் விழும். 45 டிகிரியில் 71. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு எடை. 2.1 டன் மோட்டாருக்கு இரண்டு பக்கமும் 2 டன் பச்சை பெல்ட் போட்டு ‘மொத்தம் 4 டன்’ என்று நினைப்பவர், உயரம் போதாமல் 30 டிகிரியில் கட்டினால் இரண்டுமே வரம்பு தாண்டிவிடும். 60 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள், உயரம் இல்லையென்றால் ஸ்பிரெடர் பீம்தான் வழி. நான்கு கால் போட்டாலும் கணக்கை இரண்டு காலுக்கே போடுங்கள். விறைப்பான பொருளில் நான்கும் ஒரே சமயத்தில் இழுபடாது. ஷேக்கிளின் (பின் போட்டு மூடும் யு வடிவ இணைப்பு) உடலில் கொள்ளளவு பொறித்திருக்க வேண்டும், பின்னுக்குப் பதில் சாதாரண போல்ட் போட்ட ஷேக்கிளைத் தூக்கி எறியுங்கள். தூக்குக் கருவிகளைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவிலேயே இருந்த விதி. ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் செயின் புளாக்குக்கும் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள்.

ஹைட்ரா உள்ளே வராததால் வாசல் வரை கொண்டுவரும் வேலைதான் இதில் கைபடும் வேலை, காயங்களும் அங்கேதான். பம்ப் ஹவுஸுக்குள் பழைய மோனோரயில் பீம் இருந்து, அதில் சுமையளவு எழுதியிருந்தால் பயன்படுத்தலாம். எழுத்து இல்லாத பீமும் கூரை டிரஸ்ஸும் செயின் புளாக் மாட்டுகிற இடமில்லை. டிரஸ் கூரையைத் தாங்கக் கணக்கிடப்பட்டது, நடுவில் 2 டன் புள்ளிச் சுமையை அதன் வடிவமைப்பாளர் எதிர்பார்த்திருக்க மாட்டார். 3 டன் ஏ-ஃபிரேம் கேன்ட்ரி வாடகைக்குக் கிடைக்கும், அதுதான் நிம்மதி. செயின் புளாக்கின் கைச்சங்கிலியை ஒரு ஆள் சிரமமில்லாமல் இழுக்க முடிய வேண்டும். இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தால் சுமை மிகுந்துவிட்டது, அல்லது எங்கோ ஒரு போல்ட் கழற்றாமல் இருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

ஜாக் போட்டுத் தூக்குவதானால் ஒரு சமயம் ஒரு முனை மட்டும். ஒரு அங்குலம் ஏற்றியதும் ஒரு அங்குலக் கட்டை அடியில் போக வேண்டும், அதன் பிறகே அடுத்த அங்குலம். நான்கு மூலையும் ஜாக்கின் மேல் நிற்கும் நிலை வரவே கூடாது. டோ ஜாக்கின் (தலையிலும் தரையை ஒட்டிய தாடையிலும் தூக்கும் ஜாக்) கீழ்த் தாடை, தலையளவு சுமை தாங்காது. பல மாடல்களில் பாதிதான், தகட்டில் தனியாக எழுதியிருக்கும். கட்டையைத் தள்ளக் கையை விடாதீர்கள், இன்னொரு கட்டையால் தள்ளுங்கள்.

ஓட்டிக்கொண்டு போக 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கனமான பைப் ரோலரும் 10 மில்லிமீட்டர் எம்எஸ் தகடும் போதும். இழுவைக்கு எடையில் 5 சதவீதம் என்று வையுங்கள்: 2100 கிலோ மோட்டாருக்குச் சுமார் 105 கிலோ. ஒரு 1.5 டன் புல்-லிஃப்ட் (நெம்புகோலால் இயக்கும் சங்கிலி இழுவைக் கருவி) தாராளமாக இழுக்கும். வாசலில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவு இருந்தால் கணக்கு மாறும். ஏற்றத்தில் கூடுதலாக 175 கிலோ. இறக்கத்தில் அதே 175 கிலோ உங்களுக்கு எதிராகத் திரும்பும், உராய்வு 105ஐத்தான் தடுக்கும், மிச்சம் 70 கிலோ சுமையைத் தானாக ஓடவைக்கும். ஸ்கேட் (சக்கரம் வைத்த தட்டு) மேல் வைத்தால் உராய்வு இன்னும் குறைவு, ஓட்டம் இன்னும் அதிகம். அதனால் இறக்கத்தில் பின்னால் ஒரு புல்-லிஃப்ட் பிடித்துக்கொண்டே வர வேண்டும். கயிற்றை நாலு பேர் பிடித்திருப்பது பிடிப்பாகாது. வழியில் கேபிள் டிரெஞ்ச் மூடி இருந்தால், சுமை அதன் இருபுறச் சுவரின் மேல் விழும்படி நீளமான பீமோ தடித்த தகடோ போடுங்கள். உங்கள் டிரெஞ்ச் எவ்வளவு தாங்கும் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, அதை ஆலையின் சிவில் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

ஹைட்ராவின் பெயரிலுள்ள 14 டன், பூம் முழுக்க உள்ளே இழுத்து, சுமை வண்டியை ஒட்டி நிற்கும்போது மட்டும். பூம் நீள நீள அது மளமளவென்று சரியும். சுமையோடு ஓடும்போதும் நடுவில் மடங்கித் திரும்பும்போதும் இன்னும் குறையும். கேபினில் உள்ள அட்டவணையை ஆபரேட்டரோடு சேர்ந்து படியுங்கள். சுமை ஆடாமல் இருக்க அதைப் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் நடப்பவரை, பூமும் சுமையும் மறைத்துவிடுவதால், ஆபரேட்டரால் பார்க்க முடியாது. ஹைட்ரா விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கதை இது. எனவே 150 மீட்டரையும் கொக்கியில் தொங்கவிட்டு ஓட்டாமல், வாசலில் தூக்கி டிராக்டர் டிரெய்லரில் வைத்து, அந்த முனையில் இறக்குங்கள். டிரெய்லரில் இரும்பின் மேல் இரும்பு வழுக்கும், நடுவில் மரக்கட்டை கொடுத்துக் கட்டுங்கள். பிரேக் போட்டால் முன்பக்கம் எடையில் 80 சதவீதமும், திருப்பத்தில் பக்கவாட்டில் 50 சதவீதமும் தாங்கும்படி கட்டு இருக்க வேண்டும் என்பது சாலைக்கான கணக்கு. ஆலைக்குள்ளும் அதையே வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தூக்கிலும் 10 சென்டிமீட்டர் ஏற்றி இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சாய்ந்தால் இறக்கி, ஸ்லிங் கட்டிய விதத்தை மாற்றுங்கள், மேலே தொங்கும்போது சரிசெய்யாதீர்கள். சைகை காட்டுபவர் ஒருவரே, ‘நிறுத்து’ மட்டும் யார் சொன்னாலும் செல்லும்.

புதிய அஸ்திவாரம் மொத்த இயந்திர எடையில் குறைந்தது மூன்று மடங்கு இருக்கட்டும், உங்களுக்குக் கிட்டத்தட்ட 11.5 டன், அதாவது 4.8 கனமீட்டர் கான்கிரீட். மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, முந்தின நாளே நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, நான்-ஷ்ரிங்க் கிரவுட்டை ஒரே பக்கத்திலிருந்து விடாமல் ஊற்றுங்கள். இரு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று சிக்கும். ஃபிரேமைச் சுத்தியலால் தட்டும்போது டொக்கு சத்தம் வருகிற இடம் அதுதான். தண்ணீர் அளவு மூட்டையில் அச்சிட்டபடி, ஊற்றுபவருக்கு எளிதாக இருக்க வேண்டுமென்று ஒரு குவளைகூடக் கூட்டக் கூடாது. லெவல் ஒரு மீட்டருக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும், இதை ஊற்றும் முன் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: புது இடம் குளத்திலிருந்து எவ்வளவு தூரம்? ஸ்ப்ரே பாண்ட் நீர் 40 டிகிரி இருந்தால் அதன் ஆவியழுத்தம் 0.75 மீட்டர். வளிமண்டலத்தின் 10.3 மீட்டரில் அதையும், உறிஞ்சு உயரம் 3 மீட்டர், பைப் உராய்வு 1 மீட்டர் என்று வைத்து இவற்றையும் கழித்தால் சுமார் 5.5 மீட்டர் மிஞ்சும். உங்கள் பம்பின் வளைகோட்டில் கேட்கும் என்பிஎஸ்எச் (நுழைவாயிலில் நீர் ஆவியாகாமல் இருக்கத் தேவையான அழுத்தம்) இதைவிடக் குறைந்தது அரை மீட்டராவது கீழே இருக்க வேண்டும். சக்ஷன் லைனை நீட்டிவிட்டுப் பம்பை மட்டும் பத்திரமாக நகர்த்தினால், சீசன் தொடங்கியதும் கேஸிங்குக்குள் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கும். சக்ஷனில் ரெடியூசர் ஒருபக்கச் சரிவு வகையாக, தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும்.

கிரவுட் இறுகியபின் போல்ட்டை முறுக்கி, ஒவ்வொரு காலாகத் தளர்த்தி டயல் கேஜில் பாருங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கால் எழும்பினால் ஷிம் போட்டுச் சரிசெய்த பிறகே அலைன்மெண்ட். பைப்பைப் பம்புக்கு வந்து சேரும்படி அமைக்க வேண்டும், பம்பைப் பைப்புக்கு இழுக்கக் கூடாது. ஃபிளாஞ்சை முறுக்கும்போது கப்ளிங்கில் வைத்த டயல் 0.05க்கு மேல் நகர்ந்தால் பைப்பை வெட்டித் திரும்ப வெல்டு செய்யுங்கள். 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) மோட்டார் 5 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் உலர்த்தாமல் சப்ளை கொடுக்காதீர்கள், மழைக்காலத்தில் நகர்த்தியிருந்தால் இது நிச்சயம் இடறும். கப்ளிங்கைச் சேர்க்காமல் மோட்டாரை ஒரு நொடி தட்டிச் சுழற்சித் திசையைப் பாருங்கள். பின்னோக்கி ஓடினால் ஷாஃப்ட் ஸ்லீவ் நட் கழன்றுவிடலாம்.

355 ஃபிரேம் என்றால் மோட்டார் ஷாஃப்ட் உயரம் 355 மில்லிமீட்டர். மோட்டார் உடல் 40 டிகிரி சூடேறினால் அது 0.17 மில்லிமீட்டர் வரை உயரலாம், கால்கள் அவ்வளவு சூடாகாததால் நடைமுறையில் அதற்குக் குறைவாகவே வரும். ஆகவே குளிர்ந்த நிலையில் பார்த்த அலைன்மெண்ட்டோடு விட்டுவிடாமல், நான்கு மணி நேரம் லோடில் ஓட்டி நிறுத்தி, பூட்டுப் போட்டு, சூடு ஆறுவதற்குள் ஒருமுறை டயல் வைத்துப் பாருங்கள். டவல் பின்னுக்கான (இடம் மாறாமல் பிடிக்கும் முளை) துளையை அந்த அளவு சரியாக வந்த பிறகு போடுங்கள்.